வீட்டு மோட்டார் படுத்துவிட்டால்: பழுது பார்ப்பதா, காயில் கட்டுவதா, புதிது போடுவதா?

வீட்டு மோட்டார் நின்றுபோனால் யோசிக்க நமக்குக் கிடைக்கும் நேரம், மாடித் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீர் தீரும்வரைதான். அந்த அவசரத்தில், "காயில் போயிடுச்சு சார். கட்டினா ரெண்டு நாளாகும், புதுசு போட்டா இப்பவே ஓடும்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னாரா, மோட்டார் ஓடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. கெபாசிட்டர், சீல், பேரிங், ஃபுட் வால்வு என்று கெட்ட உதிரியை மட்டும் மாற்றலாம். மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் காயில் கட்டலாம், அதாவது உள்ளே எரிந்துபோன கம்பிச்சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றலாம். இல்லை, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டலாம். பெரும்பாலான வீடுகளில் இதை முடிவு செய்வது மோட்டாரின் வயது. "பன்னிரண்டு வருஷம் ஓடிடுச்சு, போதும்" என்று தூக்கிப் போடுகிறார்கள், அல்லது "வாங்கி ரெண்டு வருஷம்தானே" என்று பாடாவதி மோட்டாருக்கு மேலும் மேலும் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால் வயதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் எது கெட்டது, அடுத்து மோட்டார் எங்கே இருக்கிறது என்ற இரண்டும்தான் முக்கியம். சம்ப்புக்குப் பக்கத்தில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருக்கும் அரை எச்பி மோட்டாருக்கும், 250 அடி ஆழத்தில் போருக்குள் தொங்கும் ஒரு எச்பி சப்மெர்சிபிளுக்கும் வந்தது ஒரே கோளாறாக இருந்தாலும் எடுக்க வேண்டிய முடிவு வேறு.

சத்தத்தைக் கேட்டாலே பாதி தெரியும்

சுவிட்சைப் போட்டதும் சத்தமே இல்லை என்றால், மின்சாரம் மோட்டார் வரை போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எம்சிபி விழுந்திருக்கலாம். டெர்மினலில் ஒயர் கருகி விட்டிருக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காண்டாக்ட் முனைகளுக்கு நடுவில் எறும்புகள் நசுங்கிச் சேர்ந்து தொடர்பே இல்லாமல் போயிருக்கலாம். சிரிப்பாக இருந்தாலும் தோட்டத்து வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. சில மோட்டார்களில் காயிலோடு சேர்த்துக் கட்டப்பட்ட தெர்மல் புரொடெக்டர் இருக்கும். சூடு எல்லை மீறினால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் மோட்டார் பழையபடி ஓடும். அப்படி ஓடினால் காயில் நன்றாக இருக்கிறது, அதை ஏதோ ஒன்று சூடாக்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்பது இன்னொரு வகை. உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுற்றாத மோட்டார் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும், சில நிமிடங்களிலேயே நிஜமாகவே காயில் கருகிவிடும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பும் சக்தி கிடையாது. நிற்கும் ஊஞ்சலுக்கு முதல் தள்ளு வேண்டியிருப்பது போல, அதைக் கிளப்பிவிட ஸ்டார்ட்டிங் காயிலும் கெபாசிட்டரும் வேண்டும். கெபாசிட்டர் செத்தால் முனகல் மட்டும்தான் மிஞ்சும். இன்னொரு காரணம், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் சிக்கிக்கொள்வது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து போட்டால் ஓடாத மோட்டார்கள் முக்கால்வாசி இந்த ரகம். சின்ன வீட்டு மோட்டாரில் இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். உப்புத் தண்ணீர் காய்ந்து அங்கே படிந்தால் இறுகிப்போகும். மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் சிக்கல் இம்பெல்லரிலோ பேரிங்கிலோ இருக்கிறது. லேசாகச் சுற்றினால் கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம்.

மோட்டார் ஜோராக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். உறிஞ்சு குழாயின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் குப்பை மாட்டித் தண்ணீர் இறங்கிவிட்டிருக்கும், அந்தக் குழாயில் ஏதாவது ஒரு இணைப்பில் காற்று இழுக்கும், அல்லது நீர்மட்டம் இறங்கியிருக்கும். இந்த மூன்றாவதைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். தரைமேல் இருக்கும் பம்பு தண்ணீரைத் தானாக மேலே இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூண் 10.3 மீட்டர்தான். உராய்வு, கசிவு எல்லாம் கழித்தால் நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர், அதாவது இருபது அடியைத் தாண்டினாலே திணறும். மார்கழியில் பதினைந்து அடியில் இருந்த கிணற்றுத் தண்ணீர் வைகாசியில் முப்பது அடிக்குப் போனால், உலகத்திலேயே விலை உயர்ந்த மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) மேலே வைத்தாலும் தண்ணீர் வராது. அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மோட்டார் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, அல்லது குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் கைவைத்தியம் கூடாது. ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி லைன் கொடுத்து "இப்ப ஓடுது பாருங்க" என்று காட்டும் ஆளை அடுத்த முறை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைச் சோதிக்க கிளாம்ப் மீட்டரைப் போல உதவும் கருவி வேறில்லை. பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிட்டால் போதும். அதைவிட அதிகம் இழுத்தால் பேரிங், புஷ், இறுக்கம், குறைந்த வோல்டேஜ் என்று ஒரு பக்கம் தேடலாம். ரொம்பக் குறைவாக இழுத்தால் பம்புக்குள் தண்ணீரே இல்லை, அல்லது ஷாஃப்டுக்கும் இம்பெல்லருக்கும் உள்ள பிடிப்பு விட்டுவிட்டது. வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுவது என் பழக்கம்.

உதிரியை மட்டும் மாற்றுவது

கெபாசிட்டர் நூறு இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ கண்ணுக்கே தெரியும். இல்லையென்றால் மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட் அளவைப் பார்க்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இன்சுலேஷன் உள்ள கருவியால், நடுவில் ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி ஏதாவது வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். புதிதாகப் போடுவது அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். "கொஞ்சம் பெருசாப் போட்டா நல்லா இழுக்கும்" என்று 10 இருந்த இடத்தில் 20 போட்டால் முதல் வாரம் நன்றாகத்தான் கிளம்பும், ஆனால் ஸ்டார்ட்டிங் காயில் கொதிக்கும்.

இந்தச் சில்லறைப் பழுதுகளில் எல்லோரும் தள்ளிப்போடுவது சீல் கசிவு. பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக வடிவதை "வாளி வெச்சுக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். மெக்கானிக்கல் சீல் என்பது ஒன்றோடு ஒன்று உரசிச் சுற்றும் கார்பன் முகமும் செராமிக் முகமும்தான். அதைக் குளிர்விப்பதே பம்புக்குள் இருக்கும் தண்ணீர். தண்ணீரில்லாமல் சில நிமிடம் ஓடினாலே முகம் வெடித்துவிடும். அதன் வழியே கசியும் தண்ணீர் முன்பக்க பேரிங்குக்குப் போகும், பேரிங் துருப்பிடித்துக் கரகரக்கும், ஷாஃப்ட் இறுகும், மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும், காயில் சூடேறும். நூற்றுச் சொச்ச ரூபாய் சீல்தான் ஆறு மாதத்தில் காயில் கட்டும் செலவாக வந்து நிற்கிறது. சீலை மாற்றக் கழற்றும்போதே இரண்டு பக்க பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். 6202, 6203 போன்ற எண்கள் பேரிங்கிலேயே இருக்கும், எந்தச் சிற்றூர் கடையிலும் கிடைக்கும். கூலி ஒரே கூலிதான்.

ஆகவே காயில் நன்றாக இருந்து வேறு ஏதாவது கெட்டிருந்தால் பழுது பார்ப்பதே சரி. பதினைந்து வயது மோட்டாராக இருந்தாலும் இதுதான் என் பதில். விதிவிலக்கு ஒன்று: பம்பின் உறையே உப்பில் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். எம்-சீல் பூசி எத்தனை நாள் ஓட்டுவது?

காயில் கட்டுவது எப்போது கட்டுபடியாகும்?

காயில் கருகியது உறுதி என்றால்தான் நிஜமான ஒப்பீடு தொடங்குகிறது. உறுதி செய்வது எளிது. உறையைத் திறந்தால் கருகிய வார்னிஷ் வாடை முகத்தில் அடிக்கும். இன்சுலேஷனை அளக்கும் மெக்கரில் பார்த்தால் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டியது கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும்.

நம் ஊரில் காயில் கட்டும் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. ஐந்து எச்பி, ஏழரை எச்பி கிணற்று மோட்டார் எரிந்தால் புதிது வாங்குவதை யாரும் யோசிப்பதே இல்லை. காயில் கட்டினால் புதிய விலையில் ஒரு பங்குதான் ஆகும். கோயம்புத்தூரைச் சுற்றி இந்தத் தொழில் இவ்வளவு வளர்ந்ததற்கும் அதுதான் காரணம். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் 1937-இல் பீளமேட்டில், ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையிலிருந்து, டி. பாலசுந்தரம் நாயுடுவின் கைவண்ணத்தில் வந்தது என்பார்கள். அதற்குப் பிறகு பம்புசெட்டும், அதன் உதிரியும், அதைக் கட்டத் தெரிந்த கைகளும் மேற்கு மாவட்டங்களிலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டன. பிரச்சினை என்னவென்றால், பெரிய மோட்டாருக்குச் சரியாக இருந்த கணக்கை அப்படியே அரை எச்பி வீட்டு மோட்டாருக்கும் போடுகிறோம்.

அரை எச்பி செல்ஃப் பிரைமிங் மோட்டார் (குழாயில் இருக்கும் காற்றைத் தானே வெளியேற்றித் தண்ணீரை இழுப்பது) இன்று மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. காயில் கட்டும் கூலி, கம்பி, அதோடு பேரிங், சீல், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சேர்த்தால் பாதி விலையைத் தாண்டிவிடும். அதைக் கொடுத்து நமக்குக் கிடைப்பது பழைய இம்பெல்லர், பழைய உறை, ஒருவேளை தேய்ந்த ஷாஃப்ட். இந்த அளவில் காயில் எரிந்தால் புதிது வாங்குவதுதான் நியாயம். ஒன்றரை எச்பிக்கு மேல் போனால் எதிர்ப்பக்கம்: நல்ல வார்ப்பிரும்பு உடம்பு, காப்பர் காயில் உள்ள மோட்டாரைத் தயங்காமல் கட்டுங்கள். நடுவில் இருக்கும் ஒரு எச்பிதான் இழுபறி. அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், மொத்தச் செலவு புதிய விலையில் பாதிக்குள் நிற்கிறதா என்பது. பாதிக்கு மேல் என்றால் கட்டுவதில்லை.

ஆனால் செலவை விடப் பெரிய வேறுபாடு, யார் கட்டுகிறார் என்பதில் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டுபவர் பழைய காயிலின் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்வார், கம்பியின் கேஜை மைக்ரோமீட்டரில் அளப்பார், அதே கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றுவார். வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்துச் சூடுபடுத்திக் காயவைப்பார். இதற்கு ஒருநாளாவது ஆகும். காலையில் கொடுத்ததை "சாயங்காலம் வாங்கிக்கங்க" என்று சொன்னால், வார்னிஷைப் பிரஷ்ஷில் தடவிக் காற்றில் காயவிட்டுத் தருகிறார் என்று அர்த்தம். இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. பழைய காயிலை உருவுவதற்காக, அது சுற்றப்பட்டிருக்கும் இரும்புக் கூடான ஸ்டேட்டரை அடுப்பிலோ புளோ லாம்பிலோ கண்டபடி சுட்டால், இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இன்சுலேஷன் போய்விடும். பிறகு எவ்வளவு நல்ல காயில் சுற்றினாலும் அந்த இரும்பு தானாகச் சூடேறும். காயில் இன்சுலேஷனின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மோட்டார் உலகத்தில் பழைய கைக்கணக்கு. இரண்டு முறை கட்டிய மோட்டார் மூன்றாம் முறை சீக்கிரம் எரிவதற்கு இது ஒரு காரணம்.

கம்பி காப்பரா அலுமினியமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். காப்பரோடு ஒப்பிட்டால் அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் 61 சதவீதம்தான். காப்பர் இருந்த அதே பள்ளங்களுக்குள் அலுமினியத்தைச் சுற்றினால் மோட்டார் கூடுதலாகச் சூடேறுவதைத் தவிர வேறு வழியில்லை. கழற்றிய பழைய காப்பர் உங்களுடையது, அதற்கு எடைக்கு விலை உண்டு. பேச்சை அங்கிருந்து தொடங்கினால் கூலி தானாக இறங்கும்.

போருக்குள் இருக்கும் மோட்டாருக்குக் கணக்கே வேறு

சப்மெர்சிபிளில் முதல் செலவு மோட்டாருக்கு ஆவதில்லை, அதை வெளியே எடுப்பதற்கு ஆகிறது. எச்டிபிஇ ஹோஸ் (வளையும் பிளாஸ்டிக் குழாய்) என்றால் மூன்று நான்கு பேர் சேர்ந்து கயிற்றோடு இழுத்துவிடலாம். இரும்புக் குழாய் என்றால் முக்காலியும் செயின் புல்லியும் வேண்டும், வண்டியும் வரவேண்டியிருக்கும். ஆகவே மேலே இழுக்கச் சொல்வதற்கு முன்னால், தரைமேல் இருக்கும் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும். கண்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர், ரிலே, கருகிய டெர்மினல் ஆகியவை கெட்டாலும் மோட்டார் எரிந்தது போலத்தான் தெரியும். பெட்டியைத் திறக்காமலே "மோட்டாரை எடுக்கணும்" என்று சொல்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

மேலிருந்தபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மெயினை அணைத்து, பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மூன்று அளவுகளில் பெரியது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடியில் அளவே காட்டவில்லை என்றால் காயிலோ கேபிளோ அறுந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் வைக்க வேண்டும். மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது என்று அது காட்டினாலும் காயில்தான் என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் மோட்டாருக்குச் சற்று மேலே இருக்கும் கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் புகுந்தாலும் இதே அளவுதான் வரும். எனவே வெளியே எடுத்த உடனே ஜாயிண்டை வெட்டி, மோட்டாரைத் தனியாகவும் கேபிளைத் தனியாகவும் மெக்கர் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஜாயிண்ட் மட்டும் போயிருந்தால் அந்தச் செலவு மிகச் சின்னது.

காயில் எரிந்திருந்தால்? இங்கே தரைமேல் மோட்டாருக்குச் சொன்ன பாதி விலை அளவுகோல் எடுபடாது. ஒரு எச்பி சப்மெர்சிபிளுக்குக் காயில் கட்டும் செலவு புதிய விலையோடு பார்த்தால் குறைவாகவே தெரியும். ஆனால் கட்டியது ஆறு மாதத்தில் மறுபடி போனால், இறக்கி ஏற்றும் கூலியை மீண்டும் கொடுக்க வேண்டும். ஆகவே போர் மோட்டாரில் நாம் காசு கொடுத்து வாங்குவது நம்பகத்தையும் சேர்த்துத்தான். 100 அடிக்குள், ஹோஸில் தொங்குகிறது, நம்பிக்கையான ரீவைண்டிங் கடை ஊரில் இருக்கிறது என்றால் கட்டலாம். 250, 300 அடி ஆழம், இரும்புக் குழாய் என்றால் நான் புதிதுக்குத்தான் போவேன்.

அந்த முடிவிலும் மோட்டாரின் வகை ஒரு பங்கு வகிக்கிறது. தண்ணீர் நிரப்பிய மோட்டாரில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அதை நம் ஊர்க் கடைகள் அன்றாடம் கட்டுகிறார்கள், நன்றாகவே கட்டுகிறார்கள். எண்ணெய் நிரப்பிய மோட்டாரில் சாதாரண எனாமல் கம்பி. மேலே இருக்கும் சீல் தண்ணீரை உள்ளே விடாமல் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். காயிலைக் கட்டிவிட்டுச் சீலைப் பழையதாகவே போட்டால் எதற்குக் கட்டினோம் என்றாகிவிடும்.

பலர் நினைத்துப் பார்க்காத நடுவழி ஒன்றும் உண்டு. சப்மெர்சிபிளில் மேலே பம்பு, கீழே மோட்டார், இரண்டும் போல்ட்டில் இணைந்தவை. பம்பு நன்றாக இருந்தால் மோட்டாரை மட்டும் புதிதாக வாங்கலாம், மணல் தின்று பம்பு தேய்ந்திருந்தால் பம்பை மட்டும் மாற்றலாம். இணைப்பு அளவு பொருந்துகிறதா என்று பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாங்குவது உத்தமம். தேய்ந்த பம்பின் தலையில் புது மோட்டாரைக் கட்டிவிட்டு, "பழைய மாதிரி தண்ணி வரல" என்று புலம்புவதில் பிரயோஜனமில்லை.

எந்த வழியில் போனாலும், எரிந்ததற்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்ப இறக்காதீர்கள். இல்லையென்றால் புது மோட்டாருக்கும் அதே கதிதான். மோட்டாரைக் குளிர்விப்பது அதன் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர். மோட்டார் அடிச்சேற்றில் புதைந்திருந்தால் அந்த ஓட்டம் இருக்காது. அடியிலிருந்து பத்து அடியாவது மேலே தொங்கட்டும். போரில் ஊறும் தண்ணீரைவிட மோட்டார் வேகமாக இறைத்தால் கொஞ்ச நேரத்தில் வெறும் காற்றில் ஓடும். டிரை ரன் தடுப்பு ரிலே ஒன்று போட்டால் அது தானாக நிறுத்தும். வோல்டேஜ் அடுத்த எதிரி. மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், குறைவது 22 சதவீதம் போலத் தோன்றும். இழுவிசையோ ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். கேபிளும் தன் பங்குக்குத் தின்னும். 250 அடிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிளில் 7 ஆம்பியர் போனால் வழியிலேயே சுமார் 13 வோல்ட் காலி. 2.5 கேபிள் போட்டிருந்தால் 8 வோல்ட்தான் போகும். மோட்டாரை மாற்றும்போது ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம் கேபிளில் மிச்சம்பிடிப்பது எனக்கு என்றுமே புரிந்ததில்லை.

புதிது என்றால் எந்தப் புதிது?

பழையதைக் காட்டி "இதே மாதிரி குடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். பழையதே தப்பாக வாங்கியதாக இருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும். எச்பியை மட்டும் சொல்லாமல் எத்தனை மீட்டர் ஏற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். சம்ப்பின் அடிமட்டத்திலிருந்து மாடித் தொட்டி வாய் வரை உயரம், அதற்கு மேல் குழாய் உராய்வுக்குக் கொஞ்சம். இரண்டு மாடி வீட்டுக்கு 12 முதல் 15 மீட்டர் வரும். கூடுதல் ஹெட், அதாவது கூடுதல் உயரத்துக்கு ஏற்றும் மோட்டார், வாங்கினால் பாதுகாப்பு என்று நினைக்கலாம். சென்ட்ரிஃபியூகல் பம்பில் நடப்பது அதற்கு நேர்மாறு: 30 மீட்டருக்குச் செய்ததை 12 மீட்டரில் ஓட்டினால் தேவைக்கு மேல் தண்ணீரைத் தள்ளி, அதற்கேற்ப மின்சாரம் இழுத்துச் சூடேறும். சின்ன செல்ஃப் பிரைமிங் மோட்டாரின் குணம் வேறு. அதில் வெளியேறும் பக்க வால்வை மூடினால்தான் லோடு ஏறும். தொட்டி வால்வைப் பாதி மூடிவைத்து ஓட்டும் வீடுகளில் அது அற்பாயுளில் போவதற்குக் காரணம் இதுதான்.

சம்ப்பிலிருந்து ஏற்றுவதற்கு இன்று நான் பரிந்துரைப்பது ஓப்பன்வெல் சப்மெர்சிபிள். தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றிக் கிளப்பும் பிரைமிங் தொல்லை, ஃபுட் வால்வு, குழாயில் காற்று அடைக்கும் ஏர் லாக் எதுவும் கிடையாது, சத்தமும் இல்லை. ஐஎஸ் 14220 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குறை என்னவென்றால், சிறு பழுதுக்கும் மேலே தூக்க வேண்டும். சம்ப்பைக் கழுவ இறங்குவதற்கு முன் மெயினையே அணைக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுத்தலே கூடாது. சம்ப் சின்னது, தண்ணீர் அடிக்கடி வற்றும் என்றால் மேலே வைக்கும் மோட்டாரே போதும்.

போரில் தண்ணீர் குறைந்து, சப்மெர்சிபிள் அடுத்தடுத்து எரிகிறது என்றால் நாலாவது சப்மெர்சிபிள் வாங்குவதற்குப் பதிலாக காற்றை உள்ளே அனுப்பித் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் மோட்டாரை யோசிக்கலாம். மின்சாரம் கூடுதலாகத் தின்னும், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வரும், சத்தம் பக்கத்து வீட்டுக்காரரைப் பகைக்கும். ஆனால் போருக்குள் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. காற்றுக் குழாய் மட்டும்தான். மணல் வந்தாலும் தண்ணீர் தீர்ந்தாலும் அங்கே எரிய ஒன்றுமில்லை.

ஸ்டார் முத்திரை பார்த்து வாங்குவதா? வீட்டுக்கு இதில் பெரிய லாபம் கிடையாது. 1,000 லிட்டரை 15 மீட்டர் ஏற்றக் கணக்குப்படி தேவைப்படும் சக்தி 0.04 யூனிட்தான். அரை எச்பி மோட்டார் அதற்கு அரை மணி நேரம் ஓடி 0.3 யூனிட் வரை எடுக்கும். திறன் படுமோசம் என்பது உண்மை. ஆனால் தினமும் ஒரு தொட்டி ஏற்றும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு மொத்தமே 18 யூனிட். அதில் பாதியை மிச்சம்பிடித்தாலும் புது மோட்டார் வாங்க அது ஒரு காரணமாகாது. அடுக்குமாடியில் மூன்று எச்பி மோட்டார் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 800 யூனிட்டைத் தாண்டும். அங்கே சங்கத்துக்காரர்கள் ஸ்டாரைப் பார்க்காமல் வாங்கினால் கேள்வி கேட்கலாம்.

புதிது வாங்கும்போது வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். தண்ணீரில்லாமல் ஓடியது, குறைந்த வோல்டேஜ் போன்றவை வாரண்டிக்குள் வருமா என்று அங்கேயே படித்துவிடுங்கள். பழைய மோட்டாரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்வார். காப்பர் காயில் என்று தெரிந்தால் உடனே ஒத்துக்கொள்ளாமல், பழைய இரும்புக் கடையில் எடைக்கு என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.